போர்டு இல்லாத கதவு

— கைய எடுங்கக்கா. அந்தக் கதவுக் கண்ணாடியில விரிசல் இருக்கு, வெட்டிடும்.

— வெட்டட்டும்! ஆஸ்பத்திரியில எம் புள்ளைக்குக் காத வெட்டப் போறோம்னு சொல்றாங்க, எனக்குக் கை வெட்டுனா என்னா இப்ப? நீதானே ஷர்மினி? பச்சையும் காதும் குத்துற எடம்னு வெளிய போர்டுல போட்டிருக்கே, அந்த ஷர்மினி நீதானே?

— நான்தான். நீங்க யாருன்னு சொல்லுங்க மொதல்ல.

— ஜெயலெட்சுமி. சுபாஷினியோட அம்மா. இப்ப ஞாபகம் வருதா? பள்ளிக்கூடத்துல ஃபோர்ம் திரி படிக்கிற புள்ள. காதோட மேல் விளிம்புல, இந்தா, இந்த எலும்பு இருக்கிற எடத்துல, குத்தி அனுப்புனியே. அந்தப் புள்ளையோட அம்மா.

— நவுருக்கா, நா பேசுறேன். சிஸ்டர், என் பேரு யுகேந்திரன். இவங்களோட தம்பி, சுபாவுக்கு மாமா. பாத்துக்க, ஃபோன்ல வீடியோ ஓடுது. நீ பேசுறது பூரா இதுல ஏறுது. சாயங்காலத்துக்குள்ள பினாங்கு முழுக்க பாக்கும் லா.

— எடுங்க தம்பி. எடுக்க வேணாம்னு சொல்லல. மூஞ்சிக்கிட்ட மட்டும் நீட்டாதீங்க.

— ஏன், பயமா? மடியில கனம் இல்லன்னா வீடியோவுக்கு என்னா பயம்?

— பயம் இல்ல. எரிச்சல். அக்கா, உங்க புள்ளய எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இந்த வாசல் வரைக்கும் வந்தா. ஆனா அவளுக்கு நா குத்தல.

— பொய்! அவ வாயாலயே சொன்னா. காய்ச்சல்ல ஒடம்பு கொதிக்குது, காது பாவ் ரொட்டி மாரி உப்பிக் கெடக்கு, எங்கடி போயி குத்துனன்னு கேட்டேன். ஜெலுத்தோங்ல போர்டு போட்ட கடை, ஷர்மினி அக்கா கடைன்னா. காய்ச்சல்ல கெடக்கிற புள்ள எதுக்கு பொய் சொல்லணும்?

— அது எனக்குத் தெரியாதுக்கா. எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். கூட்டாளி ஒருத்திகூட வந்தா. ரெண்டு பேரும் பள்ளிக்கூட விளையாட்டுச் சட்ட. வயச கேட்டேன். பதினெட்டுன்னா. சட்டையில பள்ளி பேரு இருக்கேன்னேன், சிரிச்சிட்டா. அம்மாவ கூட்டிட்டு வான்னேன். அம்மா ஃபேக்டரியில ஷிஃப்ட்டு, வரமாட்டாங்கன்னா. அப்பான்னேன். பேச்ச மாத்திட்டா.

— அவ அப்பன இழுக்காத. அந்தாள் போயி ரொம்ப நாளாச்சு.

— தப்பா நெனைக்காதீங்க. தாயோ தகப்பனோ பக்கத்துல நின்னு சம்மதம் சொல்லாம இந்தக் கடையில சின்ன புள்ளைங்க மேல ஊசி படாது. அதுவும் குருத்தெலும்புன்னா நா இன்னும் யோசிப்பேன். கெஞ்சுனா. அழுதா. நீங்க மட்டும் என்னா பெரிய டாக்டரான்னு கேட்டா. நா இந்தக் கதவத் தொறந்து விட்டு, பெரியவளாயி வா, நானே குத்துறேன்னு சொல்லி அனுப்புனேன்.

— கதை! சுத்தக் கதை லா, அக்கா. யாரு பாத்தா இதெல்லாம்? காது போச்சுன்னதும் கதவத் தொறந்து விட்டேன், சன்னலத் தொறந்து விட்டேன்னு வாய்க்கு வந்தத சொல்லுது இந்த சிஸ்டர்.

— நா நேரா சிட்டி கவுன்சிலுக்குப் போறேன். உன் கடைய மூட வைக்கிறேனா இல்லையா பாரு. எவன் உனக்கு லைசன்ஸ் குடுத்தான்?

— போங்கக்கா. தாராளமா போங்க. இங்க திரும்பிப் பாருங்க, செவத்துல ரெண்டு லைசன்ஸ் மாட்டியிருக்கேன். பெருசு கடைக்கு, ஃபோட்டோ ஒட்டுன சின்னது எனக்கு. கடைய மட்டும் பதிஞ்சா பத்தாது. ஊசி புடிக்கிற ஆளும் பேரு குடுத்து பதியணும். யாரு குத்துனதுன்னு நாளைக்கு ஒருத்தர் வந்து கேட்டா, இந்த மூஞ்சிதான்னு காட்டறதுக்குத்தான் அந்த ஃபோட்டோ. நீங்க இப்ப வந்து கேக்குறீங்களே, இதுக்காகத்தான்.

— பேப்பர். பேப்பர மாட்டிக்கிட்டா எல்லாம் ஆச்சா? கைத்தொழில் தெரிஞ்சவனுக்கு எதுக்கு லா பேப்பரு? ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவனுக்கு ஊசி புடிக்கத் தெரியுமா? பேசின் வையி, தனி ரூமு கட்டு, ஜாமானக் கொதிக்க வைக்கிற அந்த மெஷின வாங்கு. காசு உள்ளவன்தான் தொழில் செய்யணும்னா எங்கள மாரி ஆளுங்க எங்க போறது?

— உங்கள மாரி ஆளுங்கன்னா?

— பொதுவா சொன்னேன்.

— நீ சும்மா இருடா யுகா. ஆனா இவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கே. செவத்துல பேப்பரு தொங்கி என்னா புண்ணியம்? எம் புள்ள காது அழுகுறத அது நிறுத்துச்சா? கோயில்ல சாமிக்குப் பக்கத்துல மாட்டுற மாரி மாட்டி வச்சிருக்க. தூ!

— துப்புங்கக்கா. துப்பிட்டு கேளுங்க. அந்தக் கண்ணாடியில விரிசல் எப்படி வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? போன தீபாவளிக்கு முன்ன ஒரு ஆளு வந்து ஹெல்மெட்டால அடிச்சாரு. அவரு பொண்டாட்டிக்கு மூக்கு பழுத்துப் போச்சு. பசார் மாலாம்ல, அந்த ராத்திரிச் சந்தையில, எவனோ துப்பாக்கி மாரி மெஷினால மூக்கு குத்தி விட்டிருக்கான். அவன் மறுநாள் வேற ஊரு பசார் மாலாம்ல இருப்பான். இவரு எங்கிட்ட வந்து நிக்கிறாரு. அதுக்கு முன்ன ஒரு அம்மா. மகன் முதுகுல வேல் பச்சை குத்தி, அது சீழ் புடிச்சு, யாரோ ஒரு ஃப்ளாட்டுல செஞ்சது. அந்த அம்மாவும் இங்கதான் வந்து மண்ண வாரித் தூத்துச்சு. ஏன் தெரியுமா? என் கதவு எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். போர்டு இருக்கு, பேரு இருக்கு, ஃபோட்டோ இருக்கு. போர்டு இல்லாதவன் கதவ எங்க போயி தட்டுவீங்க?

— கத்தாத.

— கத்துவேன்! இவ்ளோ நேரம் நீங்க கத்துனீங்க, நா கேட்டேன். எங்கப்பா இந்தக் கடை படிய மிதிக்கல இன்னும். பொம்பள புள்ள பச்சை குத்துறாளாம், எவன் கட்டுவான்னு. நா சொன்னேன், என்னிக்காவது ஒருத்தருக்கு சீழ் வச்சிதுன்னு பேரு வந்தாக்கூட கடைய நானே மூடிடுறேன்னு. அந்த வாக்குலதான் நடத்துறேன். இப்ப நீங்க வந்து எம் பேரச் சொல்லி, புள்ள காத அழுக வச்சவன்னு கத்துறீங்க, இவரு அத ஊருக்கு அனுப்புறேங்குறாரு. அனுப்புங்க தம்பி. ஆனா அந்தச் சின்ன ரூமையும் வீடியோ எடுத்துப் போடுங்க. படுக்கைய எடுங்க. கை கழுவுற எடத்த எடுங்க. ஊசி போடுற மஞ்சப் பெட்டி இருக்கு பாருங்க, அதையும் எடுங்க. ஒரு ஊசி ஒரு ஆளுக்குத்தான், அதுக்கப்புறம் அந்தப் பெட்டிதான்.

— எனக்கு எதுக்கு அதெல்லாம்? உன் மூஞ்சி போதும்.

— ஏன் தம்பி உள்ள பாக்க மாட்டேங்குறீங்க? வந்ததுலேந்து அந்தப் பக்கம் திரும்பவே இல்ல நீங்க.

— ஏய், எம் தம்பிய ஏன் நோண்டுற? அவன் என்னா பண்ணான்? புள்ள விஷயத்துல எனக்கு இருக்கிறது இவன் ஒருத்தன்தான். மாக் மண்டின் ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட்டு முடிச்சிட்டு, கண்ணு செவந்து போயி, வாக்கா அந்தக் கடைய ஒரு வழி பண்ணுவோம்னு மோட்டோவுல என்ன ஏத்திட்டு வந்திருக்கான். உனக்கு அப்படி ஒரு தம்பி இருக்கானா?

— இல்லக்கா.

— அப்ப வாய மூடு.

— சரி. மூடுறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. புள்ள இப்ப எப்படி இருக்கா?

— எப்படி இருப்பா. டாக்டர் வந்து ஏதேதோ சொன்னாரு. உள்ள சீழ் கட்டிக்கிச்சாம். அறுத்து எடுக்கணுமாம். எடுத்தாலும் அந்த எலும்பு கரைஞ்சு போயிருக்கும், காது பழைய மாரி நிக்காது, சுருங்கிப் போயிரும்னாரு. இங்கிலீஷ்ல சொன்னாரு, நா புரியாத மாரி நின்னுக்கிட்டேன். புரிஞ்சிச்சு. அவ கண்ணாடி கேக்குறா. காலையிலேந்து கண்ணாடி குடும்மா, கண்ணாடி குடும்மான்னு. ஃபோன்ல பாத்துருவான்னு ஃபோனையும் புடுங்கி வச்சிருக்கேன். பக்கத்து படுக்கையில இருக்கிற பொம்பள, பொண்ணு காது இப்படியாச்சே, முடிய இறக்கி விட்டு மறைச்சிக்கலாம்னு எனக்கு ஆறுதல் சொல்லுது. பதினஞ்சு வயசு. ஆசையா ஒரு சின்ன கல்லு தோடு கேட்டா. நா சம்மதம் குடுத்திருந்தா...

— அழாதீங்கக்கா. உக்காருங்க. இந்த நாற்காலியில உக்காருங்க.

— உன் நாற்காலி எனக்கு வேணாம்!

— அக்கா, விடு, அழாத. இங்க பாரு. சுபா தைரியமான புள்ளக்கா. உனக்கே தெரியும். ஊசி மொத தரம் பாதியில நின்னுபோயி மறுபடி குத்துனப்பகூட வாயத் தொறக்கல அவ. சோஃபாவுல குப்புற படுத்து தலகாணிய கடிச்சிக்கிட்டு அப்படியே கெடந்தா. அந்தப் புள்ளக்கா அது. இதெல்லாம் ஒண்ணும் இல்ல அவளுக்கு. சரியாயிரும்.

— தம்பி, என்ன சொன்னீங்க?

— சரியாயிரும்னேன்.

— அதுக்கு முன்ன. ரெண்டு தரம் குத்துனதுன்னீங்க.

— ஆமா, அவதான் சொன்னா.

— என் கடையில சோஃபா இல்ல தம்பி. தேடிப் பாருங்க. துணி போட்ட எதுவும் இங்க வச்சுக்க மாட்டேன். அக்கா, உங்க புள்ள உங்ககிட்ட ரெண்டு தரம் குத்துனதா சொன்னாளா?

— இல்லையே. எங்கிட்ட சொல்லல. யுகா, உங்கிட்ட எப்ப சொன்னா?

— வார்டுல. வார்டுல சொன்னாக்கா.

— நீ எப்ப வார்டுக்கு வந்த?

— அதான்க்கா, அன்னிக்கு...

— என்னிக்கு? மாமா எங்க, மாமா எங்கன்னு அவ கேட்டுக்கிட்டே இருந்தா. ஃபோன் அடிச்சா நீ ஷிஃப்ட்டு, லீவு குடுக்க மாட்டேங்குறாங்கன்ன. ஒரு நாள்கூட வரல நீ. வாசல் வரைக்கும்கூட வரல. எப்படா சொன்னா உங்கிட்ட?

— மெசேஜ்ல...

— அவ ஃபோன் வார்டுல சேத்ததுலேந்து எங்கிட்ட இருக்கு.

— அக்கா, கொஞ்சம் மெதுவா...

— நீ நடுவுல வராத ஷர்மினி! யுகா. அந்த ஃபோன கீழ எறக்கு. இல்ல, எறக்காத. எடு. எம் மூஞ்சிய எடு. ஊரு பாக்கட்டும்னியே, பாக்கட்டும். இப்ப சொல்லு. சோஃபா யாரு வீட்டு சோஃபா?

— நம்ம... நம்ம வீட்டு சோஃபாக்கா.

— அடப் பாவி!

— அக்கா, ஐயோ அக்கா, அடிக்காத, வலிக்குது, கேளுக்கா! அவதான் கேட்டா! இந்த சிஸ்டர் முடியாதுன்னு அனுப்பிச்சிருச்சு, எல்லா கூட்டாளிக்கும் இருக்கு, எனக்கு மட்டும் இல்ல, நீதான் எல்லாருக்கும் செய்யிறியே மாமா, எனக்கு செய்யமாட்டியான்னு அழுதா. எனக்கு அவ அழுதா தாங்காதுக்கா. உனக்குத் தெரியும்ல?

— எல்லாருக்கும் செய்யிறியா? எல்லாருக்கும் என்னாடா செய்யிற?

— பச்சை குத்துறேன். தோடும். கூட்டாளிங்களுக்கு. கூட்டாளிங்க கூட்டிட்டு வர்றவங்களுக்கு.

— எங்க?

— நீ வேலைக்குப் போனப்புறம். ஹால்ல.

— மாக் மண்டின் வேலை?

— அங்கேந்து நிறுத்திட்டாங்கக்கா. சொல்ல வாய் வரல. நீ அழுவ. மெஷின் ஆன்லைன்ல வாங்குனேன், வீடியோ பாத்து கத்துக்கிட்டேன். நல்லா வருது லா, எல்லாரும் சொல்றாங்க. கைல கொஞ்சம் சேந்ததும் இந்த மாரி கடை போட்டு, பதிஞ்சு, உன்ன வேலைய விட சொல்லலாம்னு...

— அம்மா செத்தப்ப உனக்கு பால் பல்லு விழல. இடுப்புல தூக்கிட்டுப் போயி பள்ளியில விட்டேன். சுபாவுக்கு மொத காது குத்துனப்ப தாய்மாமன் மடியிலதான் உக்காத்தணும்னு உன் மடியில உக்காத்துனேன். நீயே சின்ன பையன். அவளுக்கு வலிக்குமேன்னு அவளுக்கு முன்ன நீ அழுத. அந்த கையாடா இது?

— அக்கா...

— உம் பேரச் சொல்லக்கூடாதுன்னு காய்ச்சல்லயும் பொய் சொல்லிக்கிட்டு கெடக்குறாடா எம் புள்ள! நீ சொல்லிக் குடுத்தியா அத?

— மாமா மாட்டிக்குவேன்னு மட்டும்தான் சொன்னேன். இந்தக் கடை பேரு அவளே சொன்னது.

— கேட்டியா ஷர்மினி? மாட்டிக்குவானாம். என்ன மோட்டோவுல ஏத்திட்டு வந்து, உன் கதவ ஒடைக்க வச்சு, பக்கத்துல நின்னு படம் புடிக்கிறான். நானும் பைத்தியக்காரி மாரி உன் பேப்பரப் பாத்து துப்பியிருக்கேன்.

— அத விடுங்கக்கா. எனக்கு இப்ப அது முக்கியம் இல்ல. தம்பி, எங்கிட்ட பாருங்க. அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். ஊசி எங்க வாங்குனீங்க?

— மெஷின் கூடவே வந்துச்சு. ஒரு கட்டு.

— சுபாவுக்குப் போட்டது பிரிக்காத ஊசியா?

— கழுவுவேன் சிஸ்டர். நல்லா கழுவுவேன். சுடுதண்ணியில போட்டு, மருந்து ஊத்தி...

— கழுவுனீங்களான்னு கேக்கல. புதுசான்னு கேட்டேன். சொல்லுங்க தம்பி! புதுசா, பழசா?

— கட்டு முடிஞ்சிருச்சு. மறுபடி வாங்கணும்னுதான் இருந்தேன். அவ அன்னிக்கே வேணும்னா.

— கடவுளே.

— என்னா? ஷர்மினி, என்னா? ஏன் அப்படி பாக்குற? கழுவித்தானே வச்சிருக்கான். காதுதானே, அதான் டாக்டருங்க பாக்குறாங்களே.

— அக்கா, நா சொல்றத உக்காந்து கேளுங்க. காது பழுத்தது நல்லதுன்னு வச்சுக்குங்க. அது கண்ணுக்குத் தெரிஞ்சுது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்க. தெரியாதது ஒண்ணு இருக்கு. ஒருத்தர் ரத்தம் பட்ட ஊசிய இன்னொருத்தருக்குப் போட்டா, அவங்க ஒடம்புல இருக்கிறது இவங்க ஒடம்புக்கு வந்துரும். சுடுதண்ணியில கழுவுனா அது போகாது. ஈரல்ல போயி உக்காந்துக்கிட்டு வருஷக்கணக்கா சத்தமே போடாம இருக்கிற நோயி இருக்கு. எச்.ஐ.வி. இருக்கு. வந்திருக்குன்னு சொல்லல. வந்திருக்காதுன்னும் சொல்ல முடியாது. இப்பவே வார்டுக்குப் போயி டாக்டர்கிட்ட, ஊசி பழசுன்னு சொல்லுங்க. ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. இப்ப ஒரு தரம், அப்புறம் இன்னொரு தரம். மறைக்காதீங்க. உங்க தம்பிக்காகக்கூட மறைக்காதீங்க.

— அக்கா, எனக்கு தெரியாதுக்கா. சத்தியமா இதெல்லாம் எனக்கு தெரியாது.

— கிட்ட வா.

— அடிப்ப.

— அடிக்கமாட்டேன் யுகா. அடிக்க எனக்குத் தெம்பு இல்ல. இங்க வா. எம் மூஞ்சியப் பாத்து சொல்லு. அந்த ஊசி எம் புள்ள காதுக்கு வர்றதுக்கு முன்ன யாருக்குக் குத்துனது? அவங்களையும் கூட்டிட்டுப் போயி ரத்தம் பாக்கணும்ல. சொல்லுடா சாமி. யாருக்கு?

— எத்தன பேருக்குன்னே ஞாபகம் இல்லக்கா.